வானமாமலை மாமாவின் உள்ளாள்

லேபர் கேம்ப், தாராவி
9 ஜூலை 2025, புதன்

சாருலதாவுக்கு,

பேப்பரில் கடிதமா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். நம் இரண்டு பேரின் வாட்ஸ்அப் சண்டையை யாரோ போட்டோ பிடித்து ஊர் முழுக்கச் சுற்றவிட்ட பிறகு, போனில் நாம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று நம் ரேடியோ ஸ்டேஷன் வக்கீல் சொல்லிவிட்டார். பேப்பரைப் பற்றி அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை. நேரில் இரண்டு முறை வந்தேன். மேடம் இல்லை என்றார் உங்கள் வாட்ச்மேன். பால்கனியில் உன் மஞ்சள் துப்பட்டா காய்ந்துகொண்டிருந்தது.

இதைக் கொண்டுவருகிறவர் பேச்சிராஜா அத்தான், வானமாமலை மாமாவின் மகன். தினமும் உங்கள் கட்டிடத்துக்குக் கீழே சைக்கிளை நிறுத்தி ஹார்ன் அடித்து இட்லி விற்பவர் அவர்தான், மாமா விற்பது மாஹிமில். உன் அம்மா ஒரு நாளாவது கூப்பிட்டதில்லை என்று அவருக்கு மனக்குறை உண்டு.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நீ டிவியில் பேசியதைக் கேட்டால் உனக்கு வரிசை தெரியவில்லை என்று தோன்றியது. ஜூன் மாதம் நம் 'கட்டிங் சாயா' ரேடியோ நிகழ்ச்சியில் 'சும்மா ஒரு போன்' பகுதிக்கு ஏமாற்ற ஆள் கிடைக்காமல் தவித்தோம். என் மாமாவின் எண்ணைக் கொடுத்தது நான். தாராவியை இடித்துக் கட்டுவதற்காக வீடு வீடாக எண் போடுகிற சர்வே ஆபீஸின் மேடம் மாதிரி மராத்தி கலந்த ஹிந்தியில் பேசியது நீ. உங்கள் கதவில் எழுதியிருக்கிற எண் வீடு கிடைக்காதவர்களின் எண், முதலில் இடிக்கப்போவது உங்களைத்தான் என்றாய். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இது விளையாட்டு என்று நீ உடைத்துச் சொல்கிற இடம் வருவதற்குள் மாமா போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். உடைத்துச் சொல்லாத பதிவை ஒலிபரப்ப முடியாதென்று தூக்கிப் போட்டோம். வீட்டில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அன்று மத்தியானமே சென்னைக்குக் கிளம்பினேன், மறந்தும் போனேன்.

திரும்பி வந்தபோது மாமா கதவில் எண் இல்லை. சர்வே ஆட்கள் சிவப்புப் பெயின்டில் எழுதிவிட்டுப் போனதைத் தின்னர் ஊற்றித் தேய்த்து, மேலே வெள்ளையும் அடித்திருந்தார். அவரைப் பார்த்துச் சந்தே தேய்த்திருந்தது. எண் இருந்தால்தானே இடிப்பான் என்று ஒரு கணக்கு. கதவில் எண் இல்லாத வீடு சர்வேயில் இல்லாத வீடு, புது வீடும் கிடையாது என்பது அவர்கள் யாருக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை. உங்கள் கட்டிடத்துக்குப் பித்தளையில் பெயர்ப் பலகை இருக்கிறது, அதனால் உனக்கும் உறைக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ, ஸ்டேஷனுக்காக நாம் டிவியிலும் செய்கிற வார நிகழ்ச்சியில், எவனோ கிளப்பிவிட்ட வதந்தியை நம்பிக் கதவைத் தேய்க்கிற புத்திசாலிகள் என்று லேபர் கேம்பைக் கிண்டலடித்தாய். அந்த எவனோ நாம்தான் சாரு.

நான் ஊர்ச் சங்கத்தில் போய் உண்மையைச் சொன்னேன். சங்கம் புகார் கொடுத்தது. ஸ்டேஷன் என்னை வீட்டில் உட்கார வைத்து, உனக்குத் தனி நிகழ்ச்சி கொடுத்தது. அதைப் பற்றி இன்று சண்டை போடவில்லை. சந்தில் எல்லோரும் திரும்ப எண் எழுதிக்கொண்டார்கள், மாமாவைத் தவிர. விளையாட்டு என்று நான் எத்தனை முறை சொன்னாலும், "சொன்னவ வந்து சொல்லட்டும்" என்கிறார். விட்டுப்போன வீடுகளுக்காக வருகிற பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை சர்வே ஆட்கள் கடைசியாக ஒரு முறை வருகிறார்கள். அன்று கதவைப் பூட்டிவிடப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டு மாடியில்தான் நானும் அம்மாவும் இருக்கிறோம் என்பது உனக்குத் தெரியும்.

நீ வந்து அவர் முகத்தைப் பார்த்து, அது விளையாட்டு என்று ஒரு வார்த்தை சொல். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ரயில் பாலம்தான் இருக்கிறது.

மாரிசெல்வி


மாட்டுங்கா
11 ஜூலை 2025

மாரிக்கு,

நான் தமிழில் எழுதும் முதல் கடிதம் இது. அம்மா எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தாள். இத்தனை வருஷமும் நீ எனக்கு ஸ்கிரிப்டை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தாய். அதனால் என் தமிழ் நாலாம் வகுப்பிலேயே நிற்கிறது. சின்னச் சின்ன வாக்கியமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வாட்ச்மேனிடம் அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் நீ எழுதிய வரிசையில் சில விஷயங்கள் விட்டுப்போயின. "மாமா நல்ல ஜாலியான ஆள், விழுந்து விழுந்து சிரிப்பார்" என்று சொன்னது நீ. வீட்டில் சொல்கிறேன் என்று சொன்னதும் நீ. சென்னைக்கு எதற்குப் போனாய் என்று நீ கடிதத்தில் எழுதவில்லை. அங்கே ஒரு சானலில் போட்டி நிகழ்ச்சி நடத்த ஆள் எடுக்கிறார்கள், நீ தேர்வுக்குப் போயிருக்கிறாய் என்று எனக்கு நம் தயாரிப்பாளர் மாதவ்தான் சொன்னான். காபி குடித்துக்கொண்டே சொன்னான், எனக்குத் தெரியும் என்று நினைத்து. எட்டு வருஷம் ஒரே மைக் முன்னால் உட்கார்ந்தோம். மாரி-சாரு என்று ஒரே மூச்சில்தான் நம்மைச் சொல்வார்கள். நீ என்னை விட்டுப் போகப் போகிறாய் என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்து எனக்கு மட்டும் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் டிவியில் யாரைத் திட்டினேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. புத்திசாலிகள் என்பது மாதவ் எழுதிக் கொடுத்த வரி. ஆனால் அதை ரசித்துப் படித்தேன்.

நான் நேரில் வருவது நடக்காது. கதவருகில் நின்று அது நாங்கள்தான் என்று நான் சொன்னால் அது ஒப்புதல் வாக்குமூலம் என்கிறார் வக்கீல். செம்பூரில் சிக்னலுக்கு மேலே புது நிகழ்ச்சியின் விளம்பர போர்டில் என் முகம் பெரிதாகத் தொங்குகிறது, மாரி. அப்பா அதைப் பார்க்க ஆட்டோ எடுத்துக்கொண்டு போனார். ரேடியோவெல்லாம் ஒரு உத்தியோகமா என்று கேட்டுக்கொண்டிருந்த அதே மனிதர், பாங்கிலிருந்து ஓய்வு பெற்று இத்தனை வருஷத்தில் எனக்காக முதல் முறையாக வெளியே கிளம்பினார். அதை இழக்க எனக்கு மனசில்லை. இன்னொன்று, அந்த டிவி கிளிப்புக்குக் கீழே உங்கள் ஆட்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். உங்கள் சந்துக்குள் வர எனக்குப் பயமாக இருக்கிறது.

வேண்டுமானால் மாமாவுக்கு என் குரலில் ஒரு செய்தி பதிவு செய்து பேச்சிராஜாவிடம் கொடுக்கிறேன். போட்டுக் காட்டு.

இட்லி வாங்கவில்லை என்று அவர் வருத்தப்பட வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள். எங்கள் வீட்டில் மாவு அரைக்கிறோம், அவ்வளவுதான்.

சாரு


லேபர் கேம்ப்
13 ஜூலை 2025, ஞாயிறு

சாரு,

சென்னை விஷயத்தைச் சொல்லாதது என் தப்பு. கிடைத்தால் சொல்லலாம், கிடைக்காவிட்டால் எதற்குச் சொல்வது என்று வைத்திருந்தேன். கிடைக்கவில்லை. என் பேச்சில் திருநெல்வேலி அதிகமாக இருக்கிறதாம், அதற்குள் பம்பாயும் கலந்திருக்கிறதாம். எட்டு வருஷமாக அதை வைத்துத்தான் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதில் உனக்குக் கொஞ்சம் சந்தோஷம் வந்தால் தப்பில்லை, எனக்கும் வந்திருக்கும்.

இப்போது நான் எழுதப்போவதை உட்கார்ந்து படி. மாமா ஏன் நம்ப மாட்டேன் என்கிறார் என்று நேற்றுத்தான் தெரிந்தது. சொர்ணம்மாள் அத்தை சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே மெல்லப் பேச்சுக் கொடுத்து வாங்கிவிட்டாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன்.

அவருக்கு அது உன் குரல் என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்திருக்கிறது.

"எனக்குத் தெரியாதாட்டி அந்தக் குரலு? தெனமும் மாஹிம் வரைக்கும் எங்கூட சைக்கிள்லதான வருது அந்தப் பிள்ள" என்றார். "நேரா சொன்னா வேலை போயிரும்னு குரலை மாத்தி, இந்தில சொல்லுது. அதான் சட்டுனு வச்சிட்டேன். ரொம்ப நேரம் பேசுனா அது மாட்டிக்கிடும்லா."

அதற்காகத்தான் போனையும் அணைத்து வைத்தாராம்.

உனக்கு இங்கத்து வழக்கம் தெரியாது. தாராவியை இடித்துக் கட்டப் போகிறோம் என்று நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதிகாரமாக வருகிற அறிவிப்பை இங்கே ஒருவரும் நம்புவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு உள்ளாள் உண்டு. கார்ப்பரேஷனில் பியூனாக இருக்கிற மச்சினன், வார்டு கவுன்சிலருக்குக் கார் ஓட்டுகிற பையன், இப்படி யாராவது. அவர்கள் காதில் வந்து சொன்னால்தான் அது செய்தி. மாமாவுக்கு மட்டும் உள்ளாளே இல்லை. சங்கத்தில் மற்றவர்கள் தங்கள் உள்ளாள் சொன்னதைச் சொல்லும்போது அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். கடைசியில் அவருக்கும் ஒரு உள்ளாள் கிடைத்தாள். ரேடியோவில் பேசுகிற, படித்த, மாட்டுங்காப் பெண். நீதான் அது.

ஆகவே கதவைத் தேய்த்தார். யார் சொன்னது என்று சங்கத் தலைவர் கணேசபாண்டியன் துருவித் துருவிக் கேட்டபோது, எனக்கே தோன்றியது என்று சொல்லிவிட்டார். அத்தனை பேர் முன்னால் முட்டாள் என்று பெயர் வாங்கிக்கொண்டார், உன் பெயரைச் சொல்லவில்லை. விளையாட்டு என்று நான் சொல்வது சிநேகிதியின் வேலையைக் காப்பாற்றத்தான் என்று நினைக்கிறார். நீ அனுப்புகிற பதிவைப் போட்டுக் காட்டினால், கம்பெனிக்காரன் மிரட்டிப் பேச வைத்திருக்கிறான் என்பார். கவனித்தாயா, உன்னை அவர் சந்தேகப்படவே மாட்டார். உன்னைத் தவிர மற்ற எல்லோரையும் சந்தேகப்படுவார்.

சைக்கிள் ஹேண்டிலில் கட்டியிருந்த ரேடியோவையும் கழற்றி வைத்துவிட்டார். கோபம் என்று நினைத்தேன். உன் குரலைக் கேட்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று மனசு அடித்துக்கொள்கிறதாம்.

மாரி


மாட்டுங்கா
15 ஜூலை 2025

மாரி,

இதை அம்மா பார்க்கவில்லை. பிழை இருக்கும்.

உன் கடிதத்தை எழுத்துக் கூட்டி மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம்தான் வந்தது. நான் கேட்டேனா, என்னை நம்பச் சொல்லி? அதற்கப்புறம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இங்கே மார்க்கெட்டில் நான் வாயைத் திறந்தாலே சிரிக்கிறார்கள். கொத்தமல்லி என்ன விலை என்று கேட்டால் பூக்கடைக்காரர் வரை சிரிக்கிறார். என் குரலுக்கு அதுதான் வேலை என்று நானும் பழகிவிட்டேன். போன மாதம் வயிற்றுவலி என்று டாக்டரிடம் சொன்னபோது அவர்கூடச் சிரித்தார். என் வாயிலிருந்து வந்த ஒன்றை ஒரு மனிதர் உண்மை என்று எடுத்துக்கொண்டு, அதற்காக எல்லோர் முன்னாலும் அவமானப்பட்டு நிற்பார் என்று எனக்குத் தெரியாது. அதுவும் நான் சொன்னதிலேயே மோசமான பொய்யை.

நேற்று மாதவிடம் போகப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவன் கெட்டவன் இல்லை, உனக்குத் தெரியும். நாற்காலியைச் சுற்றிக்கொண்டே, "சாரு, நீ அந்தச் சந்துக்குள் கால் வைத்தால் திங்கட்கிழமை வேறு யாரையாவது உட்கார வைப்பார்கள், என் கையில் இல்லை" என்றான். சாயங்காலம் நிகழ்ச்சிப் பதிவு இருந்தது. நன்றாகச் சிரித்தேன், நன்றாகப் பேசினேன். முடிந்ததும் அந்த மேடம் குரல் எனக்குத் திரும்ப வருமா என்று பாத்ரூமில் பேசிப் பார்த்தேன். வந்தது. பிடிக்கவில்லை.

வருகிறேன் என்று எழுத நினைத்துத்தான் பேப்பரை எடுத்தேன். கை வரவில்லை. வர மாட்டேன் என்றும் எழுத முடியவில்லை.

சாரு


லேபர் கேம்ப்
17 ஜூலை, வியாழன்

சாரு,

நாளைக் காலை பத்து மணிக்கு மேல் சர்வே ஆட்கள் வருகிறார்கள். மாமா புதுப் பூட்டு வாங்கி வந்துவிட்டார். நான் சந்து முனையில் அவர்களுக்குப் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைக்கிறேன், எனக்குத் தெரிந்த வேலை அதுதானே.

பாலம் இறங்குகிற இடத்தில் பேச்சிராஜா அத்தான் நிற்பார். நீ வராவிட்டாலும் நிற்பார், அவரிடம் நான் எதுவும் விளக்கவில்லை. சந்தில் மழைத் தண்ணீர் கிடக்கிறது. நல்ல செருப்புப் போடாதே.

மாரி


மாட்டுங்கா
19 ஜூலை 2025, சனி

மாரி,

நேற்று ராத்திரி அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினேன். ஒரு மாதம் ஆயிற்று இப்படித் தூங்கி.

நீ முனையில் அந்தச் சர்வேப் பெண்ணைப் பிடித்து வைத்திருந்தாய், அதனால் கதவருகில் நடந்தது உனக்குத் தெரியாது. அத்தை ஒரு மாதிரி சொல்லியிருப்பார்கள், அடுத்த வீட்டு முப்பிடாதியம்மாள் இன்னொரு மாதிரி சொல்லியிருப்பார்கள். நான் சொல்வதுதான் சரி.

முதலில், வீட்டிலிருந்து கிளம்பியது. செருப்பு மாட்டும்போது அம்மா வந்து நின்றாள். எங்கே என்று கேட்கவில்லை. உன் கடிதங்களை அவள் எடுத்துப் படித்திருக்கிறாள், எனக்குக் கோபம் வரவில்லை. "போய்ச் சொல்லிட்டு வந்துடு. பாவம், அந்த மனுஷன் உன்னை நம்பிண்டு உக்காந்திருக்கார். குடை எடுத்துண்டு போ" என்றாள். அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். பேப்பர் ஆடவில்லை.

மாமா பூட்டின கதவுக்கு முன்னால் ஒரு இட்லிப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். போட்டோவில் பார்த்திருக்கிறார் போல. என் குடையை வாங்கி மடக்கி, என்னைத் தகர ஷீட்டுக்குக் கீழே இழுத்து, ரகசியமாகக் கேட்டார்: "இங்க எதுக்கும்மா வந்த? யாராவது பாத்தா உனக்குத்தான கஷ்டம்?"

நான் எத்தனையோ ஒத்திகை பார்த்து வந்தேன். எல்லாம் போய்விட்டது. "மாமா, அது விளையாட்டு. நான் சும்மா சொன்னேன்" என்றேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "சரிம்மா, சரி. சொல்லச் சொல்லி அனுப்பியிருக்காக. நீ சொல்லிட்ட. நான் கேட்டுக்கிட்டேன். வீட்டுக்குப் போ" என்றார். கண்ணால் ஒரு ஜாடை வேறு காட்டினார், எனக்குப் புரியுது என்கிற மாதிரி.

நீ எழுதியிருந்தாய், நான் சொன்னால் போதும் என்று. போதவில்லை மாரி.

அப்புறம் எனக்கு என்ன தோன்றியதோ. "மாமா, அன்னிக்கு நீங்க பாதியிலேயே போனை வெச்சுட்டேள். மீதியையும் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு, அங்கேயே, அந்த மேடம் குரலில், முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதே ஹிந்தி, அதே மராத்தி, அதே அதட்டல். சந்து ஜனம் கூடிவிட்டது. உங்கள் சங்கத் தலைவர்கூட வந்து நின்றார். மாமா போனை வைத்த இடம் வந்தது. நான் நிறுத்தவில்லை. நம் பகுதி முடியும்போது வருகிற டட்டடாய்ங் மியூசிக்கை வாயாலேயே போட்டேன். என் சொந்தக் குரலுக்கு வந்து, "மாமா, இவ்வளவு நேரம் உங்ககிட்டப் பேசினது உங்க சாரு. நீங்க கேட்டுண்டிருக்கறது கட்டிங் சாயா. இது சும்மா ஒரு போன்" என்று முடித்தேன். எட்டு வருஷத்தில் ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். ஒரு தடவையும் ஆளை இப்படி நேருக்கு நேர் பார்த்துச் சொன்னதில்லை.

முப்பிடாதியம்மாள்தான் முதலில் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. என் வாயையே பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்: "அப்ப உனக்கு ஒண்ணும் ஆபத்து இல்லையே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபத்து இல்லை, வேலைதான் போய்விடும் என்றேன்.

"எதுக்கு? பொய் சொன்னதுக்கா, இப்ப வந்து உண்மையச் சொன்னதுக்கா?"

"உண்மையைச் சொன்னதுக்கு மாமா."

"நல்ல கம்பெனி" என்றார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டில் போட்டவர் திரும்பிப் பார்த்து, "ஒண்ணு மட்டும் செய்யிம்மா. இனிமே பொய் சொல்லணும்னா, இது பொய்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சொல்லு. பொறவு எவ்வளவு வேணும்னாலும் சொல்லு, நான் கேக்கேன்" என்றார். அப்புறம் கதவைத் திறந்தார். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், நீயும் அந்தப் பெண்ணும் வந்துவிட்டீர்கள்.

மாதவ் போன் செய்தான். திங்கட்கிழமை முதல் நான் வர வேண்டாமாம். செம்பூரில் என் முகத்தைக் கழற்றிவிட்டுப் பிரஷர் குக்கர் வைக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். "குக்கர் உபயோகமான சாமான்" என்றார். அப்புறம் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன், காலையிலிருந்து தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

உன் சாரு


லேபர் கேம்ப்
4 ஆகஸ்ட் 2025, திங்கள்

அன்புள்ள சாரு,

போனில் பேசலாம் என்று வக்கீல் சொல்லி ஒரு வாரமாகிறது, நாமும் காது சுடும் அளவுக்குப் பேசிவிட்டோம். ஆனாலும் இன்று நடந்ததை எழுத வேண்டும். அத்தானுக்கும் கடிதம் கொண்டுபோகிற பழக்கம் வந்துவிட்டது, காலையில் ஒன்றும் இல்லை என்றால் ஏமாந்து போகிறார். உன் அம்மா சனிக்கிழமை அவரைக் கூப்பிட்டு இட்லி வாங்கினார்களாமே. மாவு கொஞ்சம் கூடப் புளித்திருக்கலாம் என்று சொன்னார்களாம். அவருக்கு அதிலும் பெருமைதான்.

உன்னிடம் சொல்லாத ஒன்று முதலில். ஸ்டேஷன் உன்னைத் திரும்பக் கூப்பிட்டது தானாக அல்ல. போன வாரம் கணேசபாண்டியன் அண்ணாச்சியை இழுத்துக்கொண்டு மாமா செம்பூரில் நம் ஸ்டேஷனுக்கே போனார். எட்டுமுழ வேட்டி, தோளில் துண்டு. புகாரை வாபஸ் வாங்க வந்திருக்கிறோம் என்று அண்ணாச்சி சொல்ல, மாதவ் நாற்காலி போட்டானாம். மாமா உட்காரவில்லை. "அந்தப் பிள்ளை எங்க சந்துல வந்து எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டுது. எங்களுக்கு அது போதும். உங்களுக்கு என்ன போதாம இருக்கு?" என்று கேட்டாராம். இதை எனக்குச் சொன்னது மாதவ்தான். அந்தக் கேள்வியை அவன் அப்படியே மேலிடத்துக்குக் கொண்டுபோனானாம். 'சும்மா ஒரு போன்' இனிமேல் கிடையாது, நீ இன்று முதல், நான் அடுத்த திங்கள் முதல். அப்படித்தான் முடிவாயிற்று.

நான் ஏதோ பெரிய காரியம் செய்ததாக நீ போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறாய். நான் செய்தது அந்தச் சர்வேப் பெண் பரீஹாவிடம் மழையைப் பற்றிப் பேசியது மட்டும்தான். அவளிடமிருந்த டேப்லெட்டில் மாமா வீட்டு எண் அப்படியே இருந்தது, கூடவே கதவின் படமும். வெறும் உடம்போடு பல் தேய்த்துக்கொண்டு மாமாவும் படத்தில் நிற்கிறார். நாங்கள் கதவைத் தேய்த்ததில் பெயின்ட் போனதே தவிர எண் எங்கேயும் போகவில்லை. கதவை யாராவது திறந்து, ஆள் இருக்கிறார் என்று காட்டினால் போதும் என்றிருந்தது. அந்தக் கதவு நீ வராமல் திறந்திருக்காது. புது எண்ணை மாமா பெரிதாக எழுதச் சொல்லிவிட்டார், இப்போது ரயிலிலிருந்து பார்த்தாலே தெரியும் போல இருக்கிறது. காலையில் படியிறங்கும்போதெல்லாம் அதை ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது இன்றைய கதை. விடிந்ததும் மாமா பெட்டியிலிருந்து ரேடியோவை எடுத்துத் துடைத்து ஹேண்டிலில் கட்டினார். மாஹிமுக்குக் கிளம்பிவிட்டார். நான் மாடியில் அம்மாவோடு உட்கார்ந்து கேட்டேன். உன் குரல் முதலில் கொஞ்சம் தடுமாறியது, கவலைப்படாதே, எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். பாட்டு போயிற்று. நேயர் இரண்டு பேர் பேசினார்கள். அப்புறம் அந்தத் தலைமுடி எண்ணெய் விளம்பரம் வந்தது, நீதான் படிக்க வேண்டும், வருஷக்கணக்கில் நீ படிக்கிற அதே விளம்பரம். நீ ஒரு நொடி நிறுத்தினாய். அப்புறம் சொன்னாய்:

"வானமாமலை மாமா, இது விளம்பரம்."

அதற்குப் பிறகுதான் எண்ணெயைப் பற்றி ஆரம்பித்தாய். அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். மாதவ் கண்ணாடிக்குப் பின்னால் தலையில் கை வைத்திருப்பான் என்று நினைத்துச் சிரித்தேன், அப்படியே அழுதும்விட்டேன்.

மாமா மத்தியானம் வந்தார். மாஹிமில் வாடிக்கைக்காரர்களுக்கு இட்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாராம். அப்படியே நிறுத்தி, எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, "எனக்குத்தான் சொல்லுது" என்றாராம். இட்லி வாங்க வந்த ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் எல்லோரும் தலையாட்டினார்களாம்.

இதைச் சொல்லி முடித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அத்தையிடம் நீட்டினார். அதே எண்ணெய். அவருக்குத் தலையில் தேய்க்க முடி கிடையாது என்பது உனக்குத் தெரியும், நேரிலேயே பார்த்திருக்கிறாய்.

"விளம்பரம்னு அது சொல்லிச்சுல்லா மாமா, பொறவு எதுக்கு வாங்கினீக?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டுத்தான சொல்லிச்சு" என்றார்.

உன்
மாரி